பதினேழாம் தேதிப் பக்கம்

இன்றைக்கு மட்டும் யாரும் அந்தப் பக்கத்தைத் திறக்காமல் இருக்கட்டும். பால் பொங்கி வழியட்டும், பஸ் முன்கூட்டியே வந்துவிடட்டும், மூக்குக்கண்ணாடியை எங்கேயாவது வைத்துவிட்டு எல்லோரும் வீடு முழுக்கத் தேடட்டும். எப்படியாவது பதினாறாம் தேதியிலிருந்து நேராகப் பதினெட்டுக்குப் போய்விடட்டும்.

மூக்குக்கண்ணாடிக் கடையின் ஷட்டரை மேலே தள்ளும்போது அவள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இதை ஜெபம் என்று சொல்ல முடியாது. ஜெபத்தை அவள் விடவில்லை, காலையில் கண்களை மூடி உட்காரத்தான் செய்கிறாள். கேட்பதைத்தான் விட்டுவிட்டாள். கேட்காமல் உட்கார்ந்திருப்பதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தத் தியானப் புத்தகம் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். நாளுக்கு ஒரு பக்கம். மேலே தேதி, கீழே எழுதியவரின் பெயரும் தொழிலும். எல்லாம் ஒரு வருடத்துக்கும் மேல் முன்னதாகவே எழுதி வாங்கப்பட்டுவிடும். வியர்வையைத் துடைத்துக்கொண்டே குளிர்காலத்துப் பக்கங்களை எழுதுவார்கள். அவளுக்கு இந்த வருடத்தில் கிடைத்த தேதிகளில் ஒன்று இன்றைய பதினேழு.

அதை எழுதியபோது தங்கைக்குச் சிகிச்சை முடிந்திருந்தது. கடைசிப் பரிசோதனை ஒன்று மட்டும் பாக்கி. அவர்கள் சபையில், கேட்டது கிடைப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டதாக நன்றி சொல்லிவிடுவார்கள். அதுதான் நம்பிக்கை. 'குணமாக்குவார்' என்று எழுதுவது அரை மனதுக்காரர்கள் வேலை. அவள் 'குணமாக்கினார்' என்று எழுதினாள்.

ஆனால் அந்தப் பக்கம் அந்தச் சொல்லால் நிற்கவில்லை. உதிர்ந்த முடி திரும்ப வளர்ந்த பிறகு தங்கை முதன்முதலாகச் சீப்பைக் கேட்டு வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வாரிக்கொண்டாள். வாரி முடித்ததும் சீப்பில் ஒரே ஒரு முடி சிக்கியிருந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அக்கா, உதிர்றதுக்கு என்கிட்ட முடி இருக்கு பாரு" என்று சிரித்தாள். அவ்வளவுதான் பக்கம்.

அதற்கு முன்பு ஆறேழு வருடங்களாக அவள் எழுதியதெல்லாம் வசனத்தில் தொடங்கி வசனத்தில் முடிந்தவை. நடுவில் மனிதர்களே இருக்க மாட்டார்கள். அந்தப் புத்தகத்தை வெளியிடும் பத்திரிகையின் ஆசிரியருக்கு, வெட்டித் தள்ளுவதால், தங்கை வைத்த பெயர் கத்தரிக்கோல். அவர் ஒவ்வொரு முறையும் ஓரத்தில் எழுதி அனுப்புவார்: 'யாருக்கு நடந்தது? எந்த அறை? பிரசங்கம் வேண்டாம்.' அவள் அழுதிருக்கிறாள், கோபித்து நாலு மாதம் எழுதாமலும் இருந்திருக்கிறாள். பிறகு ஒரு மதியம், கடையின் பின்னறையில் லென்ஸ் விளிம்பைத் தேய்க்கும் கருவி ஆறுவதற்காகக் காத்திருந்தபோது, அந்தச் சீப்பை எழுதினாள். எழுதி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்துப் பார்த்தாள். இதற்குத்தான் இத்தனை வருடம் என்று தோன்றியது. கத்தரிக்கோல் ஒரு சொல்லைக்கூட வெட்டவில்லை.

கடைசிப் பரிசோதனையின் முடிவு தெளிவாக வரவில்லை. மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஆசிரியர் அப்போதே கேட்டார், "எடுத்துடலாமா? இப்பன்னா எடுக்கலாம், அச்சுக்குப் போயிட்டா முடியாது."

"இருக்கட்டும் சார். எடுத்தா நம்பலன்னு ஆகிடும்" என்றாள்.

அச்சுப்படி வந்தபோது தங்கையும் படித்தாள். "ஐயோ, அப்ப அடுத்த வருஷம் அந்தப் பதினேழாம் தேதி வரைக்கும் நான் நல்லா இருந்தே ஆகணும். இல்லன்னா எங்க அக்காவப் பொய்க்காரின்னுடுவாங்க" என்றாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

*

பதினோரு மணிக்கு ஒரு பெண் கைப்பையை மார்போடு அணைத்தபடி உள்ளே வந்தாள். கண்ணாடியின் ஒரு கால் கழன்று தொங்கியது. அதை வாங்கி விளக்கடியில் வைத்து, புதுத் திருகாணியை உதட்டில் கவ்விக்கொண்டு, இடுக்கியால் பழையதை இவள் எடுக்க ஆரம்பித்தாள்.

"நீங்கதானே அது?" என்றாள் வந்தவள். பையிலிருந்து அந்தச் சின்னப் புத்தகம் வெளியே வந்தது. "இதுல போட்டிருக்கே, கண்ணாடிக் கடையில வேலைன்னு."

இவள் நிமிரவில்லை.

"முன்னாடி ஒரு வருஷம் போட்டோகூடப் போட்டாங்க. நேர்ல இளைச்சுத் தெரியறீங்க. தங்கச்சி எப்படி இருக்காங்க?"

உதட்டில் திருகாணி இருந்தது. பதில் சொல்லாமல் இருக்க அது போதுமானதாக இருந்தது.

"நல்லாத்தான் இருப்பாங்க, கேக்கவே வேண்டாம்" என்று அவளே தொடர்ந்தாள். "எங்க வீட்டுக்காரருக்கும் அதே வியாதிதான், வயித்துல. மூணு நாளா முறுக்கிப் பிடிக்குதுன்னு ஒரே புலம்பல். காலைல உங்க பக்கத்த சத்தமா வாசிச்சுக் காட்டினேன். கேட்டாச்சு, கிடைச்சாச்சு, இனிமே வலிக்குதுன்னு வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். நம்பிட்டு அப்புறம் வலிக்குதுன்னா என்ன அர்த்தம்? அவரும் சரின்னுட்டார். பாவம், பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் சரின்னார்."

இடுக்கி மேசைமேல் விழுந்தது. இவள் திருகாணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"வலிச்சா சொல்லச் சொல்லுங்கம்மா. இன்னைக்கே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க."

"அப்படிச் சொன்னா நம்பிக்கை போயிடாதா?"

"போகாது. போனாலும் பரவால்ல."

அந்தப் பெண் புரியாமல் பார்த்தாள். இதற்கு மேல் பேசாமல் திருகாணியைப் போட்டு அனுப்பிவிடலாம். அவள் வாசல் தாண்டினால் போதும், பதினேழாம் தேதியில் பாதி கழிந்துவிடும்.

"என் தங்கச்சியும் சொல்லாம மறைச்சா" என்றாள் இவள். "அவ இப்ப இல்லம்மா. போய் எட்டு மாசமாச்சு."

தெருவில் ஒரு வண்டி பின்னுக்கு நகர்ந்து போகும் ஓசை கேட்டது. அந்தப் பெண் புத்தகத்தைத் திறந்தாள். கண்ணாடி இல்லாததால் முகத்துக்கு அருகில் தூக்கிப் பிடித்து, கடைசி வரிவரை விரலை ஓட்டினாள். பக்கத்தைப் புரட்டி அடுத்த பக்கத்தையும் பார்த்தாள்.

"இதுல அது இல்லையே" என்றாள்.

அவள் குரலில் கோபமே இல்லை. வாங்கிய பொருளில் ஏதோ குறைகிறது என்று கடைக்காரரிடம் சொல்வதுபோல்தான் சொன்னாள். சரிசெய்து கொடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள், திரும்பி நின்றாள்.

"அவர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"



*

தங்கைக்கு மறுபடி வலி வந்தது முதலில் யாருக்கும் தெரியாது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பாளாம். தங்கையின் கணவர்தான் பிறகு சொன்னார். "அக்கா, எத்தனையோ வாரம் சமாளிச்சிருக்கா. கேட்டா, அச்சடிச்சாச்சுங்க, இப்பப் போய் வலிக்குதுன்னா நல்லா இருக்குமான்னு சிரிக்கிறா." முன்பே சொல்லியிருந்தாலும் பெரிதாக மாறியிருக்காது என்றார் டாக்டர். ஆறுதலுக்குச் சொன்னாரா என்று அவள் கேட்கவில்லை. கேட்டு, அவர் உண்மையைச் சொல்லிவிட்டால்?

கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் தங்கை அவள் விரலைப் பிடித்து இழுத்தாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்துக் குனிந்தாள்.

"உன் பக்கத்தைக் கெடுத்துட்டேன்க்கா" என்றாள் தங்கை.

சாகப் போகிறவள் மன்னிப்புக் கேட்டாள். அதுவும் ஒரு பக்கத்துக்காக. அவள் என்னவோ சொல்லி அதட்டி, போர்வையை இழுத்துவிட்டு, சமையலறைக்குப் போய் ஒரு பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே தேய்த்து வைத்த பாத்திரம்.

*

சாயங்காலம் கடையிலிருந்து நேராகப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். ஆசிரியர் வரச்சொல்லியிருந்தார். தேவாலயத்துக்குப் பின்னால் இரண்டு அறைகள். ஒன்றில் அவரும் ஒரு மேசையும், மற்றதில் விற்காத பழைய இதழ்க் கட்டுகள். அவர் அவளைவிட இரண்டு வயது மூத்தவர், அவ்வளவுதான். தங்கையின் அடக்கத்தன்று மழையில் கடைசிவரை குடையில்லாமல் நின்றவர்.

"வா கண்ணாடியம்மா. உட்காரு. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆளைக் கவுக்கும்."

அவர் முகத்தில் அடக்க முடியாத ஒன்று இருந்தது. மேசைமேல் ஓர் ஒப்பந்தத் தாளை அவள் படிக்கும்படி திருப்பி வைத்தார். பெரிய பதிப்பகம். அவள் எழுதிய பக்கங்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போடுகிறார்கள். கெட்டி அட்டை. தலைப்பு 'சீப்பில் ஒரு முடி'. முதல் பக்கமும் அதுவேதான்.

பதினைந்து வருடமாக அவள் வேண்டிக்கொண்டது. யாரிடமும் சொல்லாமல், தங்கையிடம் மட்டும் சொல்லி வேண்டிக்கொண்டது. முதுகில் தன் பெயர் போட்ட ஒரு புத்தகம். தலைப்பை இன்னொரு முறை படித்தாள், சந்தோஷத்தை அவளால் தடுக்க முடியவில்லை. அதற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"அடுத்த பக்கத்துல அவ போயிட்டான்னு எழுதலாமா சார்?"

அவர் மூக்கைத் தடவிக்கொண்டார். "கேட்டுப் பார்த்தேன்மா. அது வேற மாதிரிப் புத்தகம்ங்கறாங்க. காலைல எழுந்ததும் படிக்கறவங்களுக்கு அது வேண்டாமாம்."

"அப்ப இந்தப் பக்கத்த மட்டும் எடுத்துட்டு மத்தது?"

"இதுக்காகத்தான் மத்ததையே வாங்கறாங்க." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார், "எத்தனை பேர் இதைப் படிச்சு நிமிர்ந்து உட்கார்ந்திருக்காங்கன்னு உனக்குத் தெரியாது. நீ பொய் எழுதல. நம்பித்தானே எழுதின?"

"இன்னைக்கு ஒரு அம்மா வந்தாங்க. வீட்டுக்காரர வலிக்குதுன்னு சொல்லக் கூடாதுன்னுட்டாங்களாம். இதைப் படிச்சு."

"அது அவங்க புரிஞ்சுக்கிட்ட விதம்."

"என் தங்கச்சியும் அப்படித்தான் புரிஞ்சுக்கிட்டா."

அடுத்த அறையில் யாரோ கட்டுகளை நகர்த்திவைக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க எடுத்துடலாமான்னு கேட்டீங்க" என்றாள் அவள். "நம்பிக்கை, அது இதுன்னு சொன்னேன். இப்ப யோசிச்சா தெரியல சார். அது நல்லா வந்திருந்துச்சு. எனக்கு முதல் தடவையா ஒண்ணு நல்லா வந்திருந்துச்சு. விட மனசில்ல. ரெண்டையும் என்னால பிரிச்சுப் பார்க்க முடியல."

"எழுதற யாராலதான்மா முடியுது?" என்றார் மெதுவாக. அவர் அவளைத் தேற்றத்தான் சொன்னார் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு தாளை அவள் பக்கம் நகர்த்தி, பேனாவின் மூடியைக் கழற்றி வைத்தார். "ஒரு கையெழுத்து. மிச்சத்த நான் பார்த்துக்கறேன். தங்கச்சி இருந்தா கையைப் பிடிச்சுப் போடச் சொல்லியிருப்பா."

சொல்லியிருப்பாள்தான். சிரித்துக்கொண்டே, குழாயைத் திறந்துவிட்டுவிட்டு வந்து சொல்லியிருப்பாள்.

அவள் பேனாவை எடுத்தாள். தாளின் அடியில் அவள் பெயர் அழகாக அச்சாகியிருந்தது. பக்கத்தில் ஒரு கோடு. அந்தப் பெண் இந்நேரம் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொண்டிருப்பாளா, இல்லை அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதே பக்கத்தை மறுபடி வாசித்துக்கொண்டிருப்பாளா?

மூடியைப் பேனாவில் மாட்டி, மேசையில் அவர் பக்கமாக வைத்தாள்.

ஆசிரியர் பேனாவைப் பார்த்தார். "எழுதலயா? இரு, வேற தர்றேன்" என்று இழுப்பறையைத் திறந்து துழாவினார்.

"பேனா நல்லாத்தான் இருக்கு சார்" என்றாள். "எனக்கு வேண்டாம்."