செய்தி வராவிட்டால் ஏழு மணி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஊர்காவற்றுறை இறங்குதுறையில் வினோஜா சொல்லச் சொல்ல, வாய் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். எழுத மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதுகிறவன் வாக்கை ஆர் நம்பச் சொன்னது?

2

முதல் தொடக்கம்: கடல் கறுத்துக் கிடந்தது, அவளுடைய மனம்போல… சீச்சீ. கடலை விடுவோம்.

இரண்டாவது: எழுவைதீவு வள்ளச் சங்கத்தின் பழைய மடிக்கணினியில் வினோஜா ஒரு மென்பொருளை நிறுவினாள். படமில்லை, பொத்தானில்லை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால், செருகிய சிம் வழியாகத் தீவில் எல்லோருடைய போனுக்கும் குறுஞ்செய்தி போகும். காலையில் ஊர்காவற்றுறைக்குப் போகும் வள்ளத்தின் நேரம் மாறினால் மட்டும் அனுப்புவாள். செய்தி வராவிட்டால் வழமையான ஏழு மணி. அந்த விதியும் அவள் வைத்ததுதான். (மறந்துவிடாதீர்கள். கதை இதில்தான் நிற்கிறது.)

3

பிறகு ஊர் வாட்ஸ்அப்புக்கு மாறியது. குழுவில் வினோஜா கேட்டாள்: "இனி எஸ்எம்எஸ் ஆருக்கும் வேணுமோ?"

கட்டைவிரலும் கும்பிட்ட கையுமாக வந்து குவிந்தன. "தேவையில்லைத் தங்கச்சி" என்று வள்ளமோட்டும் ஜெகதீஸ் எழுதினார். அவள் மென்பொருளை நீக்கும் கட்டளையைத் தட்டினாள். நிச்சயமா என்று திரை கேட்டது. ஓம் என்று அழுத்தினாள்.

(எஸ்எம்எஸ் வேண்டியவர்கள் வாட்ஸ்அப்பில் எப்படி இருப்பார்கள் என்று கேட்கிறீர்கள். கதை வாசிக்கும்போது எல்லோருக்கும் மூளை நன்றாகத்தான் வேலை செய்கிறது.)

4

அதே தீவிலிருந்த இரஞ்சிதம் அக்காவிடம் இருந்தது பொத்தான் போன். கடலுக்கு அக்கரையில், நாரந்தனையில் அவருடைய தமக்கை இறந்துபோனார், மறுநாள் காலையிலேயே பிரேதத்தை எடுக்கிறார்கள் என்று பின்னேரம் அழைப்பு வந்தது. அதே பின்னேரம் வினோஜா குழுவில் எழுதினாள்: காற்று எழும்பப் போகுது, நாளைக்கு வள்ளம் ஆறு மணிக்கு, அதோடை சரி. அவருக்கும் செய்தி போயிருக்கும் என்று அக்கம்பக்கத்தார் இருந்துவிட்டார்கள்.

இரஞ்சிதம் எழுவைதீவு இறங்குதுறைக்கு வந்தபோது வள்ளம் போய்விட்டது. வினோஜா மட்டும் நின்றாள்.

"செய்தி வரேல்லைத்தானே பிள்ளை, அதான் ஏழுக்கெண்டு வந்தனான்" என்றார். கோபமே இல்லை. "அக்கான்ரை முகத்தைக் கடைசியாப் பாக்கக் குடுத்துவைக்கேல்லை. நீர் என்ன செய்வீர்?"

"அக்கா, நான்தான் அதை…" என்று தொடங்கினாள் வினோஜா.

இந்த வசனத்தை முடித்துவைக்க நானும் எத்தனையோ தரம் பார்த்தேன். அவள் வாய் திறக்கிறாளில்லை. என்னுடைய பாத்திரம் எனக்கே அடங்காவிட்டால் என்ன செய்ய?

5

ஒரு முடிவில், மீன்பிடிக்கிற ஒருவர் தன் படகில் இரஞ்சிதத்தை ஏற்றிப் போகிறார். பொய். வள்ளம் போன பிறகு அன்றைக்கு ஒருவரும் கடலில் இறங்கவில்லை.

இன்னொன்றில், அவர் வினோஜாவைத் திட்டித் தீர்க்கிறார். அதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் அவளுக்கு நித்திரையாவது வந்திருக்கும்.

நடந்தது இதுதான்: அவள் மென்பொருளைத் திரும்பவும் நிறுவினாள். பழைய போன் இலக்கங்கள் எல்லாம் அழிந்துபோயிருந்தன. ஜெகதீஸிடம் கேட்டு இரஞ்சிதத்தின் இலக்கத்தை மட்டும் போட்டாள். செய்தியை எழுதச் சொல்லித் திரையில் சின்னக் கோடு மின்னுகிறது. அவளால் ஏலவில்லை. எனக்கும் ஏலாது.

மடிக்கணினியை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். அவள் சொல்லாமல் விட்டதை நீங்களாவது எழுதுங்கள். எழுதாமல் எழும்பிப் போனாலும் நான் மறிக்க மாட்டேன். செய்தி வராவிட்டால் எல்லாம் வழமைபோல என்றுதான் இரஞ்சிதம் அக்கா நினைத்துக்கொள்வார்.