கடைசியாகப் பிறந்தநாள் வந்தவர்

"இவங்கள் ஆரைக் கேட்டு எழுதுறாங்கள்? என்னை ஒருத்தனும் கேக்கேல்லையே."

தொலைக்காட்சியில் கருத்துக்கணிப்பு வரும்போதெல்லாம் ஞானப்பிரகாசம் இப்படித்தான் சொல்வார். எல்லாம் பொய்க் கணக்கு என்பது அவருடைய முடிந்த முடிவு. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் வெளிநாட்டிலிருந்து வந்து குடியுரிமை பெற்றவர்களின் வாக்கு எந்தப் பக்கம் சாயும் என்று யாராவது நிபுணர் விளக்கினால் இன்னும் கோபம் வரும். தன் வீட்டு வாக்கு அவருக்குத் தெரியும். இரண்டு வாக்கு, இரண்டும் ஒரே கட்சிக்கு. மனைவி கொறற்றியிடம் அதைக் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது.

பெப்ரவரியில், தேர்தலுக்கு முந்திய வாரம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. கருத்துக்கணிப்புத்தான். ஜெர்மன் பெண்குரல், நல்ல மரியாதை. மனிதர் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கொறற்றியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

வீட்டில் வாக்குரிமை உள்ளவர்களில் யாருக்குக் கடைசியாகப் பிறந்தநாள் வந்ததோ, அவரிடம்தான் பேச வேண்டும் என்றாள் அந்தப் பெண். போனை எடுப்பவரையே கேட்டால் கணிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுமாம்.

"எனக்குத்தான்," என்றார் ஜெர்மனில். "ஜனவரி முதலாம் திகதி."

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த கொறற்றி வெங்காயக் கையோடு வந்து நின்றாள். "அது நீங்கள் அகதியா வந்தநேரம் எழுதின திகதியெல்லோ. உங்களுக்கு யூலையில. எனக்கு நவம்பர்."

"பாஸ்போட்டில அப்பிடித்தானே கிடக்கு."

"புதுவருசத்துக்குப் பிள்ளையள் கேக் வாங்கினா, அது பொய்ப் பிறந்தநாள் எண்டு வெட்டமாட்டியள். இப்ப மட்டும் மெய்யோ?"

தமிழ் விளங்காத அந்தப் பெண் மறுமுனையில் பொறுமையாகக் காத்திருந்தாள். ஞானப்பிரகாசம் போனைப் பார்த்தார். தன்னை ஒருநாள் கேட்கமாட்டார்களா என்று எத்தனை வருடமாக ஏங்கியிருந்தார். ஆனால் பொய்க் கணக்கென்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர், தானே ஒன்றைக் கொடுக்க முடியாது. போனை நீட்டினார்.

"எங்கட கட்சியின்ர பேரைத் தெளிவாச் சொல்லும்."

அவள் கையைத் துடைத்து, போனை வாங்கி, முதலில் ஸ்பீக்கரை நிறுத்தினாள். பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து ஆம், இல்லை என்று ஜெர்மனில் "யா"வும் "நைன்"னும் கேட்டன; இடையில் ஒருமுறை சிரித்தாள். கட்சிப் பெயர் மட்டும் கேட்கவில்லை. வெளியே வந்தவளிடம் அவர் அதைக் கேட்கவில்லை. பயமாக இருந்தது.

ஞாயிறு மாலை, வாக்களிப்பு முடிந்ததும் முதல் கணிப்பு திரையில் வந்தது. நிறநிறமான தூண்கள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. ஞானப்பிரகாசம் திரையைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உள்ளி உரித்துக்கொண்டிருந்த கொறற்றியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கட்சியின் பெயரைச் சொன்னார்கள். கை தன்பாட்டில் உரித்துக்கொண்டிருந்தது. அடுத்த கட்சியின் பெயரைச் சொன்னபோது நின்றது.