சந்தனம் பூசிய பிராசஸர்

கல்யாணத்தைப் பெண்ணின் தம்பியுடைய கம்ப்யூட்டரில்தான் ஓட்ட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். நவநீதனுக்கு அக்கா மங்கை ஒருத்திதான். கம்ப்யூட்டரும் ஒன்றுதான், கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது.

தாலி கட்டும் இடத்தில் அது நின்றுவிட்டது.

மாப்பிள்ளையின் கை, மங்கையின் கழுத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. வீசிய அட்சதை அந்தரத்தில் தொங்கியது. நாதஸ்வரக்காரர் உப்பிய கன்னத்தோடு காத்திருந்தார். முகூர்த்த நேரம் மட்டும் நிற்கவில்லை. அது வேறு கம்பெனி.

“டேய், முதுகு புடிச்சிக்கிச்சுடா,” என்றாள் மங்கை, உதடு அசையாமல்.

“மச்சான், முகூர்த்தம் போச்சுன்னா எங்கப்பா கிளம்பிருவாரு,” என்றார் மாப்பிள்ளை. அவருடைய அப்பா ஒரு செருப்பை ஏற்கெனவே மாட்டியிருந்தார்.

பந்திக் கூடத்தைத் தாண்டினால் கை கழுவும் இடம். குழாய்களுக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் கடை. அன்று குழாய் வரிசை கொஞ்சம் நீளமாக இருந்தது. நவநீதன் பஸ் பிடித்துப் போனான்.

“எந்த எடத்துல நிக்குது?” என்றார் கடைக்கார ஜமால் பாய்.

“தாலி.”

“பந்திக்கு எத்தன பேரு?”

“நானூறு.”

“எட்டு கோர் பிராசஸர் பத்தாது தம்பி. ரசத்துலயே திணறும். பதினாறு எடுத்துக்குங்க.”

நவநீதன் கண்ணாடிப் பெட்டியில் மினுங்கிய பிராசஸரைக் காட்டினான். “இது வேகமா பாய்?”

“அது நாளைக்கே வித்துப்போச்சு. அவ்வளவு வேகம்.”

பாய் இன்னொன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். அது சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. “இதுவும் பறக்கும். சூடேறுனா தானா நிதானமாயிரும். நல்ல வளர்ப்பு.”

“மெமரிய அள்ளிப் போடுங்க.”

“வேணாம். மாப்பிள்ள வீட்டு அத்தைங்க எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுப்பாங்க. கம்மியா போட்டாத்தான் குடும்பம் நடக்கும்.”

பிராசஸருக்கும் ஃபேனுக்கும் நடுவில் பூச ஒரு பேஸ்ட்டும் கொடுத்தார். நவநீதன் அதைப் பஸ்ஸில் விட்டுவிட்டான்.

மண்டபத்தில் மங்கையின் மாமனார் இரண்டாவது செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். வரவேற்பு மேசையில் சந்தனக் கும்பா இருந்தது. நவநீதன் ஒரு விரல் வழித்துப் பிராசஸரில் பூசினான். பழக்கதோஷத்தில் குங்குமமும் வைத்தான். அதைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பட்டனை அமுக்கினான்.

கெட்டிமேளம்! மூன்று முடிச்சும் விழுந்தன. அட்சதை எல்லார் தலையிலும் கொட்டியது. மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

சந்தனம் குளிர்ச்சி. பிராசஸர் சூடேறவே இல்லை. ஆகவே நிதானமாகவும் இல்லை.

கடைசி அட்சதை தரையைத் தொடுவதற்குள் நவநீதனின் மடி கனத்தது. குனிந்து பார்த்தான். மொட்டையடித்த குழந்தை. எதிரே ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தாய்மாமன் மடி, மச்சான். கெட்டியா புடிங்க,” என்றார் மாப்பிள்ளை. அவருக்குச் சின்னதாகத் தொப்பை விழுந்திருந்தது.

“டேய், மெதுவா ஓட்டுடா!” மங்கைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “நான் இன்னும் கல்யாணச் சாப்பாடே சாப்பிடல!”

நவநீதன் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது.

எல்லாரும் பந்திக்கு ஓடினார்கள். கல்யாணப் பாயசம் இன்னும் ஆறியிருக்கவில்லை. மருமகன் மாமன் மடியிலிருந்து இறங்கி, தனக்குத் தனி இலை கேட்டான்.