விசிலுக்கு நின்ற பந்து

பட்டறை அணி உதைத்த பந்து, கோல் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால், இடுப்பு உயரத்தில், இன்னும் காற்றிலேயே நிற்கிறது. ஆலை அணியோடு ஆடிய இறுதிப் போட்டி அது. ஆட்டம் சமனில் இருந்தது. சமன் ஆனால் கோப்பை பழைய சாம்பியனுக்கே என்று சங்கம் ஒரு விதி வைத்திருந்தது; பழைய சாம்பியன் ஆலை. கடைசி நிமிடத்தில் ஆலையின் கோல்கீப்பர் தப்பான பக்கம் பாய்ந்து குப்புறக் கிடக்க, கோல் பூட்டாத வீடு மாதிரி திறந்து கிடந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரியின் தம்பி உதைத்தான். பந்து போய்க்கொண்டிருக்கும்போதே நடுவர் விசிலை ஊதிவிட்டார். முடிந்தது என்றால் முடிந்ததுதான் என்று பந்தும் நின்றுவிட்டது.

தம்பி ஓடிப்போய் நடுவரின் கையைப் பிடித்தான். "சார், பந்து அந்தரத்துல நிக்குது சார். திரும்பி ஒரு தடவை பாருங்க."

நடுவர் திரும்பினார், பார்த்தார். "என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. அப்புறம் இன்னொண்ணு தம்பி, மைதானக் கோட்டுக்கு வெளியே நான் கால் வெச்சுட்டா, என் தீர்ப்பை நானே நெனச்சாலும் மாத்த முடியாது. சட்டம்." சொல்லிக்கொண்டே காலை வெளியே வைத்தார். கூட்டத்தில் நின்ற அக்கா அந்தக் காலைப் பார்த்தாள். கறுப்பு ஷூ, இடது கால், அவிழ்ந்த கயிறு. அதை அவள் மறக்கவே இல்லை.

விசிலுக்கு நின்றது விசிலுக்கே நகருமோ என்று போலீஸ்காரர் வந்து ஊதினார், பஸ் கண்டக்டர் ஊதினார், ஒருவர் குக்கரையே தூக்கி வந்து விசிலடிக்க வைத்தார். பந்து அசையவில்லை. பட்டறைக்காரர்கள் சங்கிலி போட்டு இழுத்ததில் சங்கிலிதான் அறுந்தது. பிறகு ஊர் அதற்குப் பழகிவிட்டது. அந்தப் பக்க கோல்கீப்பர்கள் அதன்மேல் துண்டைப் போட்டுவைத்தார்கள். மற்றப் பந்து அதில் பட்டுத் திரும்பினால் அது கம்பத்தில் பட்டதாகுமா, வெளிப்பொருளில் பட்டதாகுமா என்று வருடக்கணக்கில் சண்டை நடந்தது. அப்படித் திரும்பியதிலேயே ஆலை அணி இன்னும் இரண்டு கோப்பை தூக்கியது. தம்பியைப் பார்க்க வந்திருந்த பெரிய கிளப்பின் ஆட்கள், கோல் போடாதவனை என்ன செய்ய என்று திரும்பிப் போனார்கள். ஊர் அவனுக்கு அந்தரத்தான் என்று பேர் வைத்தது. அவன் பார்சல் ஆபீசில் மூட்டை தூக்கப் போனான். மைதானத்துத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு வீடு வருவான். சிரிப்பதை எப்போது நிறுத்தினான் என்று யாரும் கவனிக்கவில்லை, அக்காவைத் தவிர.

கண்ணாடிக் கடையில் எந்நேரமும் பந்துப் பேச்சுதான். "இப்ப இருக்கிறதெல்லாம் ஒரு டீமா? காத்தடிச்சா மூணு பேரு கால புடிச்சுக்கிட்டு உருள்றானுங்க" என்பார் ஒருவர். "உருண்டாதானே பெனால்டி குடுக்குறான்? நம்ம பசங்க நேர்மையா நின்னு என்னத்தக் கண்டோம்" என்பார் இன்னொருவர். அக்கா லென்ஸ் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். அதற்குள் ரிட்டையராகிவிட்ட அந்த நடுவர் ஒருநாள் கண் டாக்டரின் சீட்டோடு கடைக்குள் வந்தார். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ஆர்டரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

"அக்கா, பவரை மாத்திப் போட்டு விடு. மனுஷன் படியில உருளட்டும்" என்றார் பந்துப் பேச்சுக்காரர்களில் ஒருவர்.

"தப்பாப் பாக்க அவருக்கு யாரும் சொல்லித் தரணுமா?" என்றாள் அக்கா.

அன்று மழை. கடையைப் பூட்டியதும் மைதானத்துக்குப் போய், பந்தின் அடியில் சொட்டிய தண்ணீரை ஒரு மருந்துக் குப்பியில் பிடித்து வந்தாள். அந்தத் தண்ணீர் விட்டே லென்ஸைத் தேய்த்தாள். சீட்டில் இருந்த பவர்தான், மயிரிழை கூடவில்லை, குறையவில்லை. நடுவர் வந்து மாட்டிப் பார்த்து, "பளிச்சுனு இருக்கும்மா" என்றார். நன்றாக இருக்கட்டும் சார் என்று அனுப்பிவைத்தாள்.

கடையை விட்டு இறங்கியதும் தெருக்கோடியில் பந்து தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றினார், தெரிந்தது. கண்ணை மூடினார், மூடிய கண்ணுக்குள் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் மேல் பந்து. மனைவி பேசினால் அவள் முகத்தில் பாதியை மறைத்தபடி பந்து. கொஞ்ச நாளில் மனிதர் பாதியாகி, பீரோவைக் குடைந்து பழைய விசிலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். செய்தி அவருக்கு முன்னால் ஓடியிருந்தது. பட்டறையும் ஆலையும் ஷிப்டை விட்டு வந்து நின்றன. தம்பியும் வந்தான், அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

நடுவர் விசிலை வாயில் வைத்தார். அக்கா போய்க் குறுக்கே நின்றாள்.

"நீங்க அன்னைக்கே வெளியே கால் வெச்சுட்டீங்க சார். இடது கால்."

"அம்மா, எனக்குத் தெரியுதும்மா. கோல்தான். ஊதிட்டுப் போயிடறேன், விட்டுடு."

கூட்டத்தில் ஒருவர் தொண்டையைச் செருமி, சட்டப்படி அவர் ஊதக்கூடாதுதான் என்றார். ஆமாம் என்றார் ஆலைக்காரர். ஆமாம் என்றார் பட்டறைக்காரர். இரண்டு கட்சியும் ஒரு விதியை ஒத்துக்கொண்டது அந்த ஊர்ச் சரித்திரத்தில் அன்றுதான்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். "உன் பந்துடா. நீ சொன்னா வழி விடுறேன்."

தம்பி பந்தைத் தடவிப் பார்த்தான். காற்று இறங்காமல் கிண்ணென்று இருந்தது. பிறகு நடுவரின் முகத்தை நிதானமாகப் பார்த்தான்.

"உள்ள போனா ஒரே ஒரு கோலுதான்க்கா. இங்கேயே நின்னா இவருக்குத் தினம் ஒரு கோலு." சொல்லிவிட்டுச் சிரித்தான். பல்லெல்லாம் தெரிய, பழைய சிரிப்பு.

பந்து அங்கேயேதான் இருக்கிறது. சாயங்காலமானால் நடுவர் கோலுக்குப் பின்னால் வந்து, ஊதாத விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்பார். வலை கட்டுகிறவர்கள் கொஞ்சம் நகருங்க சார் என்பார்கள், நகர்ந்துகொள்வார். அடிக்கடி துடைத்துத் துடைத்துக் கண்ணாடியின் காதுக்கம்பி லூசாகிவிடும். கடைக்கு எடுத்து வருவார். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, திருகாணியை இறுக்கி, லென்ஸைச் சுத்தமாகத் துடைத்து, தன் கையாலேயே அவருக்கு மாட்டிவிடுவாள்.

"நல்லாத் தெரியுதா சார்?"

"தெரியுதும்மா."