இருபத்து மூன்று ஆரஞ்சுப் பனியன்கள்

கடற்கரையில் எங்களுக்கு இருபது நிமிடம். அதில் பதினேழு நிமிடம் பதாகையைப் பிடித்து நிற்பதிலேயே போயிற்று. 'சுவிக்னியோ பெருங்குடும்பம், லொம்போக் தீவுச் சுற்றுலா' என்று அச்சடித்து, ஓரத்தில் சுவிக்னியோ பெரியப்பாவின் படத்தையும், ஓய்வுபெற்ற வட்டார அதிகாரி என்ற பதவியையும் போட்டிருந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் பதாகை மடங்கிப் பெரியப்பாவின் மூக்கு மறைந்தது. மூக்கு தெரியும்வரை படம் எடுத்தார்கள்.

ரத்மி அத்தை இடது முனையைப் பிடித்திருந்தாள், கண் மட்டும் கடல் பக்கம். மலாங் மலைக்காரி, ஐம்பத்தெட்டு வயதில் இந்தப் பயணத்தில்தான் கடலை நேரில் பார்க்கிறாள். இடுப்பளவு தண்ணீரில் ஒரு தடவை நிற்க வேண்டும் என்பதற்காகவே வந்தவள். மூன்று நாளில் நான்கு கடற்கரை; நான்கிலும் பதாகை. நாளைக் காலை விமானம்.

"அண்ணே, ஒரே ஒரு அரைமணி நேரம்."

"கடல் எங்கயும் ஓடிடாது ரத்மி. முத்துக் கடை அஞ்சு மணிக்கு மூடிடும்."

"மூணு நாளா இதையேதான் சொல்றாரு," என்று அத்தை என் காதில் முனகினாள்.

விசில் ஊதியதும் எல்லோரும் பஸ்ஸில் ஏறினார்கள். பெரியப்பா முகம் பார்த்து எண்ணுகிறவர் இல்லை. பதவியில் இருந்தபோது ஊர்வலங்களையே தலை மேல் விரலை ஓட்டி எண்ணியவர். அந்த வசதிக்காகத்தான் எல்லோருக்கும் ஆரஞ்சுப் பனியன்.

"இருபத்திரண்டு, இருபத்திமூணு. கிளம்பு!"

என் பக்கத்து இருக்கை அத்தையுடையது. அதில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு, வாழையிலையில் சுருட்டிய சோற்றைக் கையில் பிடித்தபடி, முன்பின் தெரியாத ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஆரஞ்சுப் பனியன்தான், நெஞ்சில் வேறொரு குடும்பத்தின் பெயர். ஜன்னல் வழியே பார்த்தேன். அத்தை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

"பெரியப்பா, எண்ணிக்கை சரிதானே?"

"என் எண்ணிக்கை என்னைக்குத் தப்பாயிருக்கு, வேனிங்?" என்று என் பெயரை அழுத்திச் சொன்னார்.

அதற்குமேல் பேச எனக்கு ஏது தகுதி?

முத்துக் கடை வாசலில் கிழவர் விழித்தார்.

"ஏம்ப்பா, நம்ம ஜனம் ஒருத்தரையும் காணோமே?"

பெரியப்பா அவருடைய நெஞ்சை இரண்டு முறை படித்தார். "யாருய்யா நீங்க?"

"ஏசி போட்டிருந்துச்சு, ஏறிட்டேன். சோறுகூடக் குடுத்தாங்களே."

"உங்க வழிச் சொந்தம்னு நெனச்சேன்," என்றாள் பெரியம்மா, கணவரைப் பார்த்து.

பஸ் திரும்பியது. வழியெல்லாம் பெரியப்பா ஒழுங்கைப் பற்றிப் பேசினார். கிழவர் தலையாட்டிக் கேட்டார். கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கரையில் கூட்டம் இல்லை. தலைத்துணி நனைந்து ஒட்ட, இடுப்பளவு தண்ணீரில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். பெரியப்பா விசிலை ஊதினார். அவள் திரும்பிப் பார்த்தாள், ஒரு கையை உயர்த்தி ஆட்டினாள், இன்னும் ஓரடி உள்ளே போனாள்.

விசிலைப் பல்லில் கடித்தபடி, பழக்கதோஷத்தில் பெரியப்பா அவளை நோக்கி விரலை நீட்டி, "ஒண்ணு," என்றார். அலை வந்து, மெருகு போட்ட அவருடைய ஷூவை நனைத்துவிட்டுப் போயிற்று.