சம்பந்தி சஹனில் சிவப்புச் சோறு

கல்முனைக்குடியில் நான் தைத்த அபாயா இல்லாத வீடு இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் தவிர மெஷினை விட்டு எழும்பமாட்டேன். இப்படி உட்கார்ந்தே இருப்பவர்களின் உடம்பில் வெளியே தெரியாத அழற்சி இருக்கலாம் என்றார், ஆய்வுக்கு ஆள் சேர்த்த டொக்டர். சோற்றை மாற்றினால் அது குறையுமா என்று பார்க்க, பாதிப் பேருக்குத் தீட்டிய வெள்ளை அரிசி, மீதிப் பேருக்குத் தவிடு போகாத சிவப்பரிசி. எனக்குச் சிவப்பு விழுந்தது. கடைசியில் இரத்தம் எடுக்கும்வரை வேறு சோறு தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அதற்குள் மகள் ஸம்றாவின் கலியாணம் வந்துவிட்டது. எங்கள் விருந்தில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் சேர்ந்து கை வைப்போம். மருதமுனை மாப்பிள்ளையின் உம்மா பரீனாவோடு ஒரே சஹனில் பெண்ணின் உம்மாவான நான் உட்காராவிட்டால் அது அவமரியாதை. உட்கார்ந்து வெள்ளைச் சோறு தின்றால் வாக்குப் போகும்.

"எங்கட சஹனுக்குச் சிவப்புச் சோறு ஆக்குங்க" என்றேன்.

என் அண்ணன் ஜவாத் காக்கா துள்ளி எழுந்தார். "ஒனக்கென்ன விசரா? வெல கூடின வெள்ளக் கீரிச் சம்பா போட வக்கில்லாதாக்கள் எண்டு மருதமுனை முழுக்கக் கதைப்பாங்க!"

"கதைக்கட்டும். வாய் வலிச்சா நிப்பாட்டுவாங்க."

"ஒரு நாளைக்கு வெள்ளச் சோறு திண்டா ஆருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும் காக்கா."

வீராப்பாகச் சொல்லிவிட்டேன். ஆனாலும் உள்ளுக்குள் பயம்தான். மகளின் வாழ்க்கையல்லவா?

விருந்தன்று சஹன் மூடியைத் திறந்தார்கள். பரீனாவோடு வந்த பெண்கள் ஒருவரும் கையை நீட்டவில்லை.

"என்ன மச்சி இது?" என்றார் பரீனா.

எதையும் மறைக்காமல் ஆய்வைச் சொன்னேன், வாக்கையும் சொன்னேன். "வெள்ளச் சோறும் இரிக்கி. வேணுமெண்டா கொண்டரச் சொல்றன். எண்ட கை மட்டும் இதிலதான் போகும்."

பரீனா என்னையே பார்த்தார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார். "கலியாணத்துக்காகவும் வாக்கு மாறாத வீட்டில பொண்ணெடுத்திரிக்கன். வேறென்ன வேணும்? பிஸ்மி சொல்லுங்க" என்று முதல் பிடியை அவரே எடுத்தார். மற்றவர்களின் கைகளும் வந்தன.

பிறகு இரத்தமும் எடுத்தார்கள். என் அழற்சி அளவு குறைந்திருந்தது. "ஒராள வச்சிச் சொல்லேலா, எல்லார்ர முடிவும் வரணும்" என்றார் டொக்டர். எல்லாருடையதும் வரட்டும், என்னுடையது குறைந்துவிட்டதே! ஊர் முழுக்கச் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பரீனா வீட்டில் எங்களுக்கு விருந்து. வாக்கு முடிந்துவிட்டதால் எனக்கு எந்தச் சோறும் தடையில்லை. ஜவாத் காக்கா கீரிச் சம்பாவை நினைத்துக் காலைச் சாப்பாட்டையே விட்டுவிட்டு வந்திருந்தார்.

சஹன்கள் வந்தன. மூடிகளைத் திறந்தார்கள். ஆண்கள் பக்கமிருந்து காக்காவின் குரல் கேட்டது.

"அல்லாஹ்வே, இஞ்சயுமா!"

எல்லாச் சஹனிலும் சிவப்புச் சோறு. பரீனா என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குப் பெருமையில் கண் நிறைந்துவிட்டது. பிஸ்மி சொல்லி, இந்த முறை நான் முதலில் கை வைத்தேன்.