தாழ வைத்த இரண்டு பெட்டிகள்

வீடியோவில் பறந்த ட்ரோன் ஜானவியுடையது. பறந்த இடம் அவளுடைய கரமனை வீட்டு மாடியறை. கீழே போட்டிருந்த பெயர் மட்டும் வினீத்துடையது.

கூரைக்குக் கீழே ஜிபிஎஸ் எடுக்காது. மூலைகளில் சின்ன ரேடியோப் பெட்டிகளை வைத்து, அவற்றின் அல்ட்ரா வைடுபேண்டு அலைகள் வந்துசேரும் நேரத்தைக் கொண்டு ட்ரோன் தன் இடத்தைத் தானே கணக்கிட வேண்டும். கேட்க எளிது. ஆனால் தகரக் கூரையில் மோதி வரும் அலைகள் அதை ஏமாற்றும். நின்ற இடத்தில் திடீரென்று ஒரு முழம் துள்ளும். ஒரு மழைக்காலம் முழுக்க மல்லுக்கட்டி அந்தத் துள்ளலை அடக்கியவள் ஜானவி. கூட வந்து டீ குடித்து, படம் பிடித்தவன் வினீத்.

"என் பேரு எங்கே?" என்று போனில் கேட்டாள்.

"நீ ஹெல்ப் பண்ணினதொக்கெ சரிதான், ஜானு. பட்சே ஐடியா என்னோடதல்லே?" என்று மலையாளம் கலந்து சொல்லிச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அவளுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. சண்டை போடவில்லை. அவன் கலந்துகொள்ளும் உள்ளரங்க ட்ரோன் போட்டிக்குத் தன் பெயரையும் கொடுத்தாள்.

போட்டி வலியசாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில். நடுவில் வலை கட்டி, உள்ளே வளையங்கள் தொங்கவிட்டிருந்தார்கள். வினீத் தன் பெட்டிகளை நாற்காலிகளுக்குப் பின்னால், எல்லாவற்றையும் மார்பளவு உயரத்தில், பார்க்க அழகாக நிறுத்தியிருந்தான். ஜானவிக்கு உள்ளே ஏதோ இனித்தது. எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால் ட்ரோனுக்குத் தன் உயரம் சரியாகப் பிடிபடாது. அதற்காகத்தான் மாடியறையில் இரண்டைத் தாழ வைத்திருந்தாள். ஏன் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

காலையில் ஆளில்லாத மண்டபத்தில் அவன் ஒத்திகை ஒரு மாதிரி ஒப்பேறிவிட்டது. இப்போது கூட்டம். மனித உடம்பு இந்த அலையை மறைக்கும். ஜானவி முன்வரிசைக்காரர்களிடம் குனிந்தாள்.

"எழுந்து நின்னு வீடியோ எடுங்கோ. நன்னாத் தெரியும்."

அவர்கள் எழுந்தார்கள், பின்வரிசையும் எழுந்தது. வினீத்தின் ட்ரோன் தள்ளாடியது, சட்டென்று மேலே ஏறியது, வளையத்தில் இடித்து வலையில் சிக்கி, இறக்கை முறிந்து விழுந்தது.

"உயரம் எதுக்காக்கும் தெற்றிப்போச்சு?" என்று கேட்டாள் நடுவர் சபீனா.

வினீத் குனிந்து, முறிந்த இறக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

அடுத்து ஜானவி. இரண்டு பெட்டிகளைத் தலைகளுக்கு மேலே, இரண்டை வலைக்குள் தரையோரமாக வைத்தாள். கூட்டம் நின்றபடியே இருந்தது. ட்ரோன் வளையங்களுக்குள் நூல் கோர்ப்பதுபோல் போய் வந்தது. சபீனா காரணம் கேட்க, ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, "வினீத் வீடியோல பறந்ததும் இதுதான், சேச்சி. அது எங்காத்து மாடி" என்றாள்.

போன்கள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின.

வாசலில் வழிமறித்தான். "இப்படி ஆகும்னு உனக்குத் தெரியும்தானே? ஒரு வாக்கு சொல்லியிருக்கலாமே, ஜானு!"

"சொல்லியிருக்கலாம். நீயும் என் பேரைச் சொல்லியிருக்கலாம்."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவன்மேல் இரக்கம் வருமோ என்று பார்த்தாள். வரவில்லை. அவன் முகம் விழுந்த அந்தக் கணத்தைத் திரும்பத் திரும்ப ருசித்ததில் கரமனை தாண்டிப் போய்விட்டது. இன்னும் சில நிறுத்தம் தள்ளி, பாப்பனங்கோட்டில்தான் இறங்கினாள்.